பிரசவ ஆஸ்பத்திரிகளும் முன்கணக்கும்

ஜேடர்பாளையத்திலிருந்து ஓர் அன்பர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வெற்றிலைக் கொடிக்காலும் சிறிது கரும்பும் வைத்து ஜீவிக்கும் குடியானவர் அவர். அவருடைய மூத்த குமாரத்திக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கிறாள். கடிதத்தின் சாரம் இதுதான்: தங்கள் ஊருக்குச் சமீபத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், தமக்கு நினைவு தெரிந்து, பிரசவத்தில் ஒரு தாயும் இறந்ததில்லை. நகரத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலோ சென்ற ஒரு வருஷத்திற்குள் இரண்டு மூன்று தாய்மார்கள் மாண்டு போனதாகக் கேள்வி. ஆகவே பெண்ணைச் சிறிய இடத்திலேயே சேர்த்துவிடலாமா, அல்லது பந்துக்கள் வற்புறுத்துகிறபடி பெரிய இடத்துக்குக் கொண்டு போவதா? இதைக் கேட்டுவிட்டு, மரணம் நேர்ந்த ஆஸ்பத்திரியைக் கண்டித்து நாம் கடுமையாக ஒரு தலையங்கம் எழுத வேண்டுமென்றும் அவர் கேட்டுக்கொள்கிறார்.

கண்டனம் எழுதுவது பத்திரிகைக்காரனுக்கு மிகவும் எளிது. அதற்கு ஒரு மணி நேரமும் சிறிது கோபமும் போதும். ஆயினும் அன்பருடைய இரண்டாவது வேண்டுகோளை நாம் நிறைவேற்றப் போவதில்லை. அதனை நிறைவேற்றாமைக்குக் காரணம் சொல்லுவதே அவருடைய முதற் கேள்விக்கு விடையாகவும் அமையுமென்று நம்புகிறோம். ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நல்லதா, கெட்டதா என்பதை அங்கே நிகழ்ந்த மரணங்களை எண்ணித் தீர்மானிக்க முடியாது. அங்கே என்னென்ன எவ்வளவு நிகழக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, நிகழ்ந்ததை அக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இந்த முன்கணக்கு ஜோசியமன்று. இதற்கு வேண்டிய புஸ்தகங்கள் ஏற்கெனவே ஒவ்வொரு கிராம சுகாதாரச் செவிலியின் கைப்பையிலும் இருக்கின்றன. அவற்றை நாம் படிப்பதில்லை என்பதே நமது குறை.

முதலில் மரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்திய ரிஜிஸ்டிரார் ஜெனரல் காரியாலயத்தார் மாதிரிப் பதிவு முறையில் வெளியிடும் கணக்கின்படி, 2018 முதல் 2020 வரையுள்ள மூன்று வருஷங்களில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 54 தாய்மார்கள் இறந்தனர். இந்தியா முழுவதற்கும் அந்த எண் 97. 2001 முதல் 2003 வரை தமிழ்நாட்டின் எண் 134 ஆகவும், இந்தியாவின் எண் 301 ஆகவும் இருந்தன. 1946-இல் போர் கமிட்டியார் சமர்ப்பித்த அறிக்கையில், பிரசவம் காரணமாக இத்தேசத்தில் வருஷத்திற்குச் சுமார் 2 லட்சம் ஸ்திரீகள் மடிகிறார்கள் என்று மதிப்பிட்டிருந்ததை நினைத்துப் பார்த்தால், நாம் வந்திருக்கும் தூரம் சிறிதன்று. இதில் பெரும் பங்கு கிராமம் கிராமமாக நடந்த செவிலியர்களுக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் பிரசவ அறைகளைத் திறந்து வைத்திருந்த நர்ஸுகளுக்கும் உரியது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது நன்றி மறந்த செயலாகும்.

இனி அந்த 54 என்ற எண்ணை நமது அன்பரின் ஊருக்குக் கொண்டு வருவோம். லட்சத்திற்கு 54 என்றால் ஏறக்குறைய 1,850 பிரசவங்களுக்கு ஒரு மரணம். மாதத்திற்கு 20 பிரசவம் நடக்கும் ஒரு சிறிய நிலையத்தில் வருஷத்திற்கு 240 ஆகிறது. அங்கே சராசரி அபாயமே இருந்தாலுங்கூட, ஒரு மரணம் நேர ஏழெட்டு வருஷம் ஆகும். அந்த நிலையம் சராசரியைவிட இரண்டு பங்கு மோசமானதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தொடர்ந்து மூன்று வருஷம் ஒரு மரணமுமின்றிக் கழிவதற்கு நூற்றுக்கு 46 பங்கு இடமுண்டு. அதாவது, காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்ப்பதற்கும் இந்த நற்பெயருக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். "எங்கள் நிலையத்தில் மரணமே இல்லை" என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் அந்த உண்மை நமக்கு ஒன்றையும் அறிவிப்பதில்லை. இருபது வருஷம் கோர்ட்டுகளில் பழகிய நமக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும்: சாட்சி சொல்லாத சங்கதியை நாமாக அவன் வாயில் வைக்கலாகாது.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் இதே நியாயம் பொருந்தும். வருஷத்திற்கு 3,000 பிரசவம் நடக்கும் ஓரிடத்தில் அதே சராசரி அபாயத்திற்கு எதிர்பார்க்கத்தக்க மரணம் ஒன்றரைக்குச் சற்று மேல். ஆனால் எல்லா வருஷமும் ஒன்றரை என்று நேராது. ஐந்து வருஷத்தில் ஒரு வருஷம் மரணமே இராது. பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் நான்கோ அதற்கு மேலோ நேரும். வைத்தியர்களிடத்தில் எவ்வித மாறுதலும் இல்லாமலே, வெறும் தற்செயலால், இவ்வளவு ஏற்றத்தாழ்வு உண்டாகும். மரணமில்லாத வருஷத்தில் பொன்னாடையும், நான்கு நேர்ந்த வருஷத்தில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வழங்கும் நிர்வாகம், தற்செயலுக்குச் சன்மானமும் தண்டனையும் வழங்குகிறது. இப்படி அபூர்வமாக நேரும் சம்பவங்களின் கணிதத்தை முதன் முதலில் வகுத்துக் கொடுத்தவர் புவாஸோன் என்ற பிரெஞ்சுப் பண்டிதர். அவர் 1837-இல் அதனை வெளியிட்ட நூல், கோர்ட்டுகளில் அளிக்கப்படும் தீர்ப்புகள் எவ்வளவு தூரம் பிழைபடக்கூடும் என்பதைப் பற்றியது! நமது வக்கீல் நண்பர்களில் எத்தனை பேர் இதை அறிவார்களோ தெரியாது. மாதிரிப் பதிவுக் கணக்கை வெளியிடும் உத்தியோகஸ்தர்களே மூன்று வருஷத்தை ஒன்று சேர்த்துத்தான் எண் தருகிறார்கள், ஜில்லாவாரியாகத் தருவதில்லை. லட்சக்கணக்கான ஜனங்களை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யத் துணியாத காரியத்தை, நாம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் செய்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள்? வலிப்புக் கண்டவள், ரத்தப் பெருக்கு நிற்காதவள், இருதய வியாதியோடு கர்ப்பமானவள், சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து களைத்துப் போனவள், இவர்களெல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் அதுதான். நாமக்கல்லில் 2022-ஆம் வருஷ முதல் வைத்தியக் கலாசாலை இருக்கிறது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் வைத்தியக் கலாசாலை ஆஸ்பத்திரி இருக்கிறது. சுற்று வட்டாரத்துக் கஷ்டங்களெல்லாம் இத்தகைய இடங்களுக்கு ஆம்புலன்ஸில் ஏறி வருகின்றன. மரணம் நேர்ந்த இடத்தின் பெயரில் அதனை எழுதிவிட்டால், கஷ்டத்தை முதலில் கண்டுகொள்ளாமல் விட்ட இடம் சுத்தக் கையோடு நிற்கிறது. இதில் ஒரு விபரீதமும் விளைகிறது. தன் கணக்குக் கெடாமலிருக்கும் பொருட்டு, சந்தேகத்திற்கு இடமான ஒவ்வொரு ஸ்திரீயையும், சில சமயம் பிரசவம் நெருங்கிய தறுவாயிலுங்கூட, வண்டியில் ஏற்றி அனுப்பிவிடும் வழக்கம் பலவிடங்களில் வேரூன்றுகிறது. மரணத்தை அது நேர்ந்த கட்டிடத்தின் பெயரில் எழுதாமல், அந்தத் தாய் எந்தச் செவிலியின் ஜாபிதாவில் இருந்தாளோ, எந்த வழியாக, எத்தனை மணிக்கு, எங்கெங்கே நின்று வந்தாளோ, அந்த வழி முழுவதன் பெயரிலும் எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மரணக் கணக்கு எக்காலத்தும் பயனற்றதென்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகளும் பயின்று வந்தனர். 1846-இல் முதல் விடுதியில் நூற்றுக்கு 11 பேருக்கு மேலும், இரண்டாவதில் நூற்றுக்கு 3 பேருக்குக் குறைவாகவும் மாண்டனர். வருகிற ஸ்திரீகளை ஒரு நாள் இவ்விடுதிக்கும் மறுநாள் அவ்விடுதிக்குமாக முறை வைத்துச் சேர்த்தபடியால், இரண்டிலும் இருந்தவர்கள் ஒரே தரத்தினர். ஆகவே ஸெம்மெல்வைஸ் என்ற இளம் டாக்டருக்கு, இரண்டாவது விடுதியின் எண்ணே முதல் விடுதியில் எதிர்பார்க்கத்தக்க எண் எது என்பதைச் சொல்லிற்று. பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணமென்று கண்டு, 1847-இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ அவர் உத்தரவிட்டார். 1848-இல் முதல் விடுதியின் மரணம் நூற்றுக்கு ஒன்றேகால் ஆயிற்று. அங்கே மரணக் கணக்கு பேசியது, பிரசவங்கள் ஆயிரக்கணக்கிலும் மரணங்கள் நூற்றுக்கணக்கிலும் இருந்ததனால். நமது நல்ல காலம், நம்மிடம் அவ்வளவு மரணங்கள் இல்லை. ஆகவே நமக்கு வேறு அளவுகோல் வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகோல் ஜேடர்பாளையத்து ஜனங்களுக்குப் புதிதன்று. அல்லாள இளைய நாயக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அணையும் ராஜவாய்க்காலும் அவர்கள் கண்ணெதிரே இருக்கின்றன. மேட்டூரில் உபரி நீரைத் திறக்கும்போது, அது கீழே வந்து சேருமுன்பே கரையோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை செய்கிறார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்: குஞ்சு வந்த தேதியிலிருந்து எந்த வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், அப்போது தீவனம் எவ்வளவு, அட்டை எவ்வளவு, லாரி எத்தனை என்று விரல் விட்டுச் சொல்லுவார். நமது முன்னோர் ஆடி மாதத்தில் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டதும் ஒரு முன்கணக்கே. ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வருமென்று அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள்.

பிரசவத்தைப் போல் முன்கூட்டி அறியக்கூடிய காரியம் சர்க்கார் நிர்வாகத்தில் வேறெதுவும் இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னே தள்ளி, ஒரு வருஷம் சேர்த்தால் பிரசவ தேதி என்பது ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் இருந்த நேகெலே என்ற ஆசிரியரின் பெயரால் இன்றும் வழங்கும் விதி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. குறித்த அதே நாளில் பிரசவிப்பவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். ஆனால் ஒரு மாதத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் பிசகாது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் ஒவ்வொருவரையும் ஆரம்பத்திலேயே பதிவு செய்து எண் கொடுக்கிறார்கள். ஜனங்கள் இதனைப் பிக்மி எண் என்று வழங்குகிறார்கள். குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும்போதும் இவ்வெண்ணைக் கேட்கிறார்கள். ஆகவே, இன்னும் ஐந்தாறு மாதம் கழித்து எந்தக் கிராமத்தில் எத்தனை தாய்மார்களுக்கு நாள் வருகிறது என்பது இன்றைக்கே தெரியும். கணித பண்டிதர்கள் வேறு முறைகளையும் சொல்லுகிறார்கள். சென்ற வருஷத்து அதே மாதத்தைப் பார்ப்பது ஒன்று. கடந்த சில மாதங்களின் சராசரியை நகர்த்திக்கொண்டே போவது ஒன்று. பழைய மாதங்களுக்குக் குறைந்த மதிப்பும் புதிய மாதங்களுக்கு அதிக மதிப்பும் கொடுத்துக் கணக்கிடுவது மற்றொன்று. இந்தக் கடைசி முறையை ஹோல்ட் என்பவர் 1957-இலும், வின்டர்ஸ் என்பவர் 1960-இலும் செப்பஞ் செய்தனர். ஒரு ராஜ்யத்துக்கு மருந்து கொள்முதல் செய்யும் காரியாலயத்துக்கு இவை மிகவும் உதவும். ஆனால் ஒரு பிர்க்காவுக்குச் செவிலியின் ஜாபிதாவை வெல்லக்கூடிய சூத்திரம் எதுவுமில்லை என்பது நமது துணிபு.

ஜாபிதா கையிலிருந்தால் பல உண்மைகள் தாமாகவே வெளிப்படுகின்றன. மாதத்திற்கு 20 பிரசவம் நடக்கும் ஒரு நிலையத்தில், சரி பாதி நாட்களில் ஒரு பிரசவமும் இராது. மாதத்தில் நாலு நாட்களில் ஒரே நாளில் இரண்டோ அதற்கு மேலோ நேரும். மேற்பார்வைக்கு வரும் உத்தியோகஸ்தர் வெறுமையாய்க் கிடக்கும் அறையைக் கண்டு, "உபயோகமில்லை, ஒரு நர்ஸ் போதும்" என்று குறிப்பெழுதிவிட்டுப் போகிறார். அந்த நாலு நாட்களில் ஒன்றில், நள்ளிரவில், இரண்டு ஸ்திரீகள் ஒரே சமயத்தில் வலியோடு கிடக்கும்போது அந்தக் குறிப்பின் விலை என்ன என்பது தெரியவரும். சராசரியைப் பார்த்து ஆள் போடுவது, சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டுக்கொண்டு காவிரியில் இறங்குவதற்குச் சமானம்.

இதைவிடப் பெரிய உபத்திரவம் ஒன்றுண்டு. ஏதோ ஒரு காரணத்தால் நாலைந்து மாதம் பிரசவங்கள் குறைகின்றன. குறைந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டி, ஒரு நர்ஸை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். இரவில் ஆளில்லை என்ற செய்தி ஊரில் பரவுகிறது. மறு வருஷம் பிரசவங்கள் பாதியாகின்றன. "நாம் சொன்னபடியே ஆயிற்று, பார்த்தீர்களா?" என்று காரியாலயம் மகிழ்கிறது. நெருப்பு வைத்தவனே நெருப்புப் பிடிக்குமென்று சொன்ன தீர்க்கதரிசி ஆகிவிடுகிறான். முன்கணக்கு முறையை நாம் ஆதரிக்கும்போதே இந்த அபாயத்தையும் சொல்லிவைப்பது நமது கடமை. இதற்குப் பரிகாரமும் ஜாபிதாவிலேயே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் நாள் வந்த தாய்மார்கள் எத்தனை பேர், அவர்களில் இங்கே வந்தவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும். நாள் வந்தவர்களே குறைந்திருந்தால் அது காலத்தின் போக்கு. நாள் வந்தவர்கள் குறையாமல், வந்து சேர்ந்தவர்கள் மட்டும் குறைந்தால், அது ஜனங்கள் அளித்த தீர்ப்பு. அதற்குக் காரணம் விசாரிக்க வேண்டும்.

எப்போது விசாரிப்பது, எப்போது சும்மா இருப்பது என்பதற்கும் ஒரு முறையுண்டு. 1924-இல் அமெரிக்காவில் டெலிபோன் சாமான்கள் செய்யும் தொழிற்சாலைக்காக ஷ்யூஹார்ட் என்பவர் ஒரு சித்திரம் வரைந்தார். நடுவில் எதிர்பார்க்கும் எண்ணுக்கு ஒரு கோடு. மேலும் கீழும் தற்செயலின் எல்லையாக இரண்டு கோடுகள். நமது நிலையத்துக்கு நடுக்கோடு 20 என்றால், எல்லைக் கோடுகள் ஏறக்குறைய 7-இலும் 33-இலும் விழும். ஒரு மாதம் 12 பிரசவம் நடந்ததென்று விளக்கம் கேட்பது வீண் காகிதச் செலவு. ஆனால் எட்டு மாதம் தொடர்ந்து நடுக்கோட்டுக்குக் கீழேயே புள்ளி விழுந்தால், அது தற்செயலாக நேர்வது 256-இல் ஒரு பங்குதான். அப்போது ஜில்லா உத்தியோகஸ்தர் காரில் ஏறிப் புறப்பட வேண்டும். ஒரு சாதாரணக் கட்டக் காகிதத்தில் நர்ஸே போட்டுச் சுவரில் ஒட்டி வைக்கக்கூடிய சித்திரம் இது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மரணம் அபூர்வம், சிக்கல் அபூர்வமன்று. யூனிசெப், உலக சுகாதார ஸ்தாபனம், ஐக்கிய நாடுகளின் ஜனத்தொகை நிதி ஆகிய மூன்றும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட விதிகளில், பிரசவங்களில் நூற்றுக்கு 15-இல் அபாயகரமான சிக்கல் நேருமென்று எதிர்பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கூறப்பட்டது. 20 பிரசவத்துக்கு மூன்று. ஆறு மாதத்துக்குப் பதினெட்டு. ஒரு நிலையத்தின் புஸ்தகத்தைத் திறந்தால் ஆறு மாதமாக ஒரு சிக்கலும் எழுதப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாமரன் அதைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு நல்ல இடம்!" என்பான். முன்கணக்கு அறிந்தவன் நடுங்குவான். பதினெட்டு எதிர்பார்க்கும் இடத்தில் பூஜ்யம் என்பது தற்செயலால் ஒருபோதும் நேராது. ஒன்று, ரத்த அழுத்தம் அளக்கப்படவில்லை. அல்லது அளந்தது எழுதப்படவில்லை. அல்லது சிக்கலுள்ளவர்கள் இந்த வாசலை மிதிக்காமலே வேறெங்கோ போய்விடுகிறார்கள். மூன்றில் எது உண்மையாயினும் அந்த இடத்துக்குச் சிகிச்சை வேண்டும். மரணப் புஸ்தகத்தில் பூஜ்யம் ஒன்றும் அறிவிப்பதில்லை என்று முன்னே சொன்னோம். சிக்கல் புஸ்தகத்தில் பூஜ்யமோ உரக்கக் கூவுகிறது. எவ்வளவு எதிர்பார்க்க வேண்டும் என்பது தெரிந்தவனுக்கே அந்தக் கூவல் காதில் விழும்.

அதே விதிகளின்படி, 5 லட்சம் ஜனங்களுக்கு ஆயுத சிகிச்சையும் ரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள ஓரிடமும், அதற்கு அடுத்த தரத்தில் நான்கு இடங்களும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். நாமக்கல் ஜில்லாவின் ஜனத்தொகை 2011-இல் 17 லட்சத்துக்கு மேல். கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம். இதில் நாம் மெச்சும் அம்சம் ஒன்றுண்டு. கட்டிடத்தின் மேல் தொங்கும் பலகையை அவ்விதிகள் நம்புவதில்லை. கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுதல், வலிப்புக்கு மருந்து ஏற்றுதல், நஞ்சைக் கையால் எடுத்தல் முதலிய காரியங்கள் சென்ற மூன்று மாதத்துக்குள் அங்கே உண்மையாக நடந்தனவா என்று கேட்கின்றன. நடக்கவில்லை என்றால் பலகையில் என்ன எழுதியிருந்தும் பிரயோஜனமில்லை. சர்க்காரே 2017 முதல் லக்ஷ்யா என்ற பெயரால் பிரசவ அறைகளைச் சோதித்துச் சான்று வழங்கி வருகிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் சோதனை நாளுக்கு முன் வெள்ளையடிப்பதும், மேஜைக்குப் புது விரிப்புப் போடுவதும் நமது தேசத்துக்குப் பழகிப்போன கலைகள்.

பிரசவத்துக்குப் பின் உண்டாகும் ரத்தப் பெருக்கைத் தடுக்காவிட்டால் சராசரி இரண்டு மணி நேரத்தில் உயிர் போகும் என்பது வைத்தியர்களின் மதிப்பு. தாடியஸ், மெயின் என்ற இரண்டு அறிஞர்கள் 1994-இல் எழுதியபடி, தாமதம் மூன்று வகை: வீட்டில் தீர்மானிக்கும் தாமதம், வழியில் போகும் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் கவனிக்கப்படும் தாமதம். 2008 முதல் 108 வண்டி வந்தபின் நடுத் தாமதம் வெகுவாகக் குறைந்தது. முதலாவதும் மூன்றாவதும் இன்னும் மனிதர்களைப் பொறுத்தவை. கொடிக்காலிலிருந்து ஆம்புலன்ஸ் வரவும், அங்கிருந்து நகரம் சேரவும், அங்கே தக்க பிரிவு ரத்தம் கிடைக்கவும் எத்தனை நிமிஷம் என்று பகலில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் கணக்கெடுத்தவர்கள் நம்மில் யார்?

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசீய குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 வயிற்றைக் கீறி நடந்தன. தனியார் இடங்களில் 64, சர்க்கார் இடங்களில் 36. ஒரு தேசத்தின் மொத்தப் பிரசவங்களில் இது நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பின், மேலும் கூடுவதனால் தாய் சேய் மரணம் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் அறிவித்தது. தலைப்பிரசவமா, முன்பே கீறியதா, இரட்டையா என்று தாய்மார்களை ராப்ஸன் வகுத்த பத்துப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எதிர்பார்க்கத்தக்கது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பார்த்தால், "எங்களிடம் கஷ்டமான கேஸுகளே வருகின்றன" என்ற சமாதானம் உண்மையா என்பது வெளிப்பட்டுவிடும். முன்கணக்கு குறைவை மட்டுமன்று, மிகையையும் காட்டும்.

ராஜீயத் தொண்டர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. கிராம சபை கூடும்போதெல்லாம் நாம் கட்டிடம் கேட்கிறோம். அஸ்திவாரக் கல்லில் பெயர் பொறிக்கலாம் என்பதனால் கட்டிடம் எளிதாகவும் கிடைக்கிறது. அடுத்த தடவை கட்டிடத்தை விடுத்துச் சில எண்களைக் கேளுங்கள். வருகிற மூன்று மாதங்களில் இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு நாள் வருகிறது? சென்ற மூன்று மாதத்தில் நாள் வந்தவர்களில் எத்தனை பேர் இங்கே பிரசவித்தார்கள்? எத்தனை சிக்கல் எதிர்பார்த்தீர்கள், எத்தனை கண்டீர்கள்? அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் போய்ச் சேர எவ்வளவு நேரமாயிற்று? பெயர் ஒன்றும் வேண்டாம், எந்தக் குடும்பத்தின் ரகசியமும் வெளிவர வேண்டாம், எண் போதும். இவையனைத்தும் சர்க்கார் புஸ்தகங்களில் இருப்பவை. கேட்பவன் இல்லாததனால் மேலே போய்க் கம்ப்யூட்டரில் உறங்குகின்றன. பதில் சொல்லும் நர்ஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போல் கேட்காதீர்கள். அவளும் உங்களைப் போல் மேலிடத்தில் ஆள் கேட்டு அலுத்தவளாகவே இருப்பாள். உங்கள் கேள்வி அவளுக்கு வக்காலத்தாக இருக்கட்டும்.

ஜேடர்பாளையத்து அன்பருக்கு: சிறிய இடமா, பெரிய இடமா என்பதற்கு இறந்தவர்களின் எண்ணைக் கொண்டு விடை தேட வேண்டாம். குமாரத்தியின் ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு, குழந்தை திரும்பியிருக்கும் நிலை இவற்றைச் செவிலி குறித்து வைத்திருப்பாள். அவற்றில் அபாயக் குறி ஏதேனும் இருக்கிறதென்று டாக்டர் சொன்னால், பந்துக்கள் சொல்லுவதே சரி. முன்கூட்டியே பெரிய இடத்துக்குப் போய்விடுங்கள். குறி ஒன்றும் இல்லையென்றால், சமீபத்து நிலையத்தை ஒதுக்க நியாயமில்லை. ஆனால் முதலில் அங்கே போய்ச் சிலவற்றைக் கேளுங்கள். நீங்கள் எழுதிய தேதிப்படி அவளுக்கு நாள் கார்த்திகை முதல் வாரத்தில் வருகிறது, மழைக்காலம். அந்த வாரத்தில் அந்த நிலையத்து ஜாபிதாவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இரவில் எத்தனை நர்ஸுகள் இருப்பார்கள்? சென்ற மூன்று மாதத்தில் அவர்கள் கண்டு அனுப்பிய சிக்கல்கள் எத்தனை? அனுப்ப நேர்ந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, அங்கே அவளுடைய பிரிவு ரத்தம் இருக்கிறதா? கிடைத்த பதிலை நமக்கு எழுதியனுப்புங்கள், பெயரின்றிப் பிரசுரிக்கிறோம். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். அதற்கும் இந்தப் பத்தியிலேயே இடமுண்டு.